முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஆண்டு விழா

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் செய்திகள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். தலைமை ஆசிரியை எழுதிப் போட மாட்டார், பேசிப் போடுவார். அது எங்களுக்காக அவர் கண்டுபிடித்த வழி. பூக்காட்டில் நிற்கிற பெண்களுக்குக் கை ரெண்டும் மல்லிகைச் செடியில் இருக்கும். போனை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்க எங்கே தோது? சேலைக்கு மேல் மாட்டியிருக்கும் வீட்டுக்காரரின் பழைய சட்டைப் பையில் போன் கிடக்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் பக்கத்து வரிசைகளுக்கும் கேட்கும்.

பங்குனி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்துச் செய்திகளுக்குக் குறைவே இருக்காது. வெயில் ஏறிவிட்டது, இனி தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிப்போம், பிள்ளைக்குப் பாட்டில் கொடுத்துவிடுங்கள் என்பார். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஊர்வலம் வருகிறோம், தப்பு அடிக்க யாராவது வாருங்கள் என்பார். பெற்றோருக்கு விளையாட்டுப் போட்டி வைத்து, கரண்டியில் எலுமிச்சம்பழத்தை ஏந்திக்கொண்டு எங்களை ஓடவிட்டதும் அப்படி ஒரு பங்குனியில்தான். அதில் நான் ஜெயித்தேன். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில்தான் இன்றைக்கும் காப்பி குடிக்கிறேன்.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. பெரிய பதவி என்று யாரும் மலைக்க வேண்டாம். மோட்டார் ஓடவில்லை என்றால் எனக்குப் போன் வரும், காம்பவுண்டுக்குள் மாடு புகுந்தால் எனக்குப் போன் வரும், அம்புட்டுத்தான். எங்கள் ஊர் அகரம் தாண்டி இருக்கிறது. தலைமை ஆசிரியை திண்டுக்கல் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் செய்கிற தப்புக்குத்தான் யாரையும் திட்டவும் முடியாது, பேசாமலும் இருக்க முடியாது.

அன்றைக்குக் காலையில் வந்த செய்தி இதுதான்.

"அம்மாக்கள் எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஆண்டு விழா வர்ற புதன்கிழமை, காலையில பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமைன்னா எனக்குக் கோயில்ல சிலுவைப் பாதை ஜெபம் இருக்கு. அதனால உங்க காலண்டர வாங்கிப் பாத்துத்தான் நாள் வச்சிருக்கேன். மறுநாளே முகூர்த்தம் போட்டிருக்கு. நல்ல நாள ஒட்டியே வருது. ஒருத்தர் விடாம வந்துருங்க."

பூக்காட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். எனக்கு அடுத்த வரிசையில் நின்ற மதினிதான் முதலில் சிரித்தாள். மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி அல்ல, பக்கத்துக் காட்டுக்காரி. முறைக்கு மதினி.

"அடியாத்தி! டீச்சரு நல்ல நாளாப் பாத்து நம்மள மாட்டி விட்டுட்டாகளே!"

வெளியூர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். முகூர்த்தம் மற்றவர்களுக்குக் கல்யாண நாள். எங்களுக்கு அதற்கு முந்தின நாள்தான் நாள். நாளைக்குக் கழுத்தில் விழுகிற மாலைக்கு இன்றைக்கே பூ போயாக வேண்டும். தை மாசிப் பனியில் செடி மொட்டையாக நிற்கும். பங்குனி வெயில் பட்டதும் மொட்டாகக் கொட்டும். அதோடு முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் வீட்டில் காய்ச்சல்காரனைத் தவிர அத்தனை பேரும் காட்டில்தான். கூலிக்கு ஆள் தேடினால் கிடைக்காது, எல்லோருக்கும் அவரவர் காடு. டீச்சருக்கு இது எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தவக்காலம். தவக்காலத்தில் அவர்கள் வீடுகளில் கல்யாணமே கிடையாது. எங்கள் மேல் உள்ள மரியாதையில் எங்கள் காலண்டரைப் பார்த்து, எங்களால் வரவே முடியாத ஒரு நாளை வட்டம் போட்டு எடுத்துவிட்டார்.

அந்தச் செய்தி அதோடு முடியவில்லை. "இந்த வருஷம் ஆண்டறிக்கைய நான் படிக்கப் போறதில்ல. பள்ளிக்கூடத்துல என்னென்ன நடந்துச்சுன்னு அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு படிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் பெயரையும் சொன்னார். என் மகள் பெயர்.

எனக்கே அப்போதுதான் தெரியும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டி, அறிக்கை படிக்கிறியாமே. ஊருக்கெல்லாம் தெரியுது, பெத்தவகிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "சொன்னா மட்டும்? நீ வரவா போற. பூவெடுக்கணும்ல."

முறைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன். மழை பெய்தால் துணி காயாது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டாள். எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. ஆண்டு விழா எப்போதும் பங்குனியில்தான் வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் மேடையேறிய எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. யாராவது போனில் எடுத்து அனுப்புவார்கள், அதில் முன்னால் நிற்கிறவர் தலைதான் பாதி தெரியும். இந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. ஆனி பிறந்தால் ஆறாம் வகுப்புக்குப் பஸ் ஏறிவிடுவாள். இதை விட்டால் இனி அந்த மேடையும் இல்லை, அதில் அவளும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகும்போதே சண்டை பிடிக்கிற மூச்சில்தான் போனேன்.

"டீச்சர், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எங்க ஊருல ஒரு பொம்பளை வீட்டுல இருப்பாளா? காலி நாற்காலிக்கா பிள்ளைக ஆடப்போகுதுக?"

நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "ஐயையோ மாதாவே" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நல்லது பண்றதா நெனச்சுல்ல பண்ணேன்! இருங்கம்மா, இப்பவே கேட்டுடறேன்." தலைமை தாங்க வருகிற அதிகாரிக்கு என் முன்னாலேயே போன் போட்டார். அவருக்கு அந்த ஒரு காலைதான் ஒழிவாம். அதையும் விட்டால் பரீட்சைக்குப் பிறகுதானாம். மத்தியானம் வேறொரு பள்ளியில் விழாவாம்.

"அப்ப அறிக்கையக் கடைசியா வச்சுக்கங்க. நாங்க பூவெடுத்து முடிச்சு ஓடியாந்துர்றோம்."

"அறிக்கை அவர் இருக்கும்போது படிக்கணும்மா. கடவுள் வாழ்த்து முடிஞ்சதும் அதுதான். எப்பவும் அப்படித்தான வழக்கம்."

"அப்படின்னா அந்த ஒரு நாற்காலிக்குத்தான் விழாவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பேச்சு போதும் என்று ஆகிவிட்டது. அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீ மட்டும் போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அவர் ஒருவரால் முடியாது, என் காட்டில் எனக்காக மதினி வந்து நிற்பாள், அவள் பையனும் அதே மேடையில் ஆடுகிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்க அவள் வெயிலில் என் பூவை எடுப்பதா? தலைவி என்று எதற்கு இருக்கிறேன்? குழுவில் நானும் முதல்முறையாகப் பேசிப் போட்டேன். "யாரும் வீட்டுக்குப் போயிக் குளிச்சுச் சீவிச் சிங்காரிச்சு வரணும்னு நெனைக்காதீக. காட்டுல இருந்து நேரா பள்ளிக்கூடம். பூவ மடியோட கொண்டாந்துருங்க. மார்க்கெட்டுக்குப் போற வண்டிய பள்ளிக்கூடத்து முக்குலயே நிக்கச் சொல்லிட்டேன்."

புதன்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம். ஆனால் அன்றைக்கென்று மொட்டு தீரவே இல்லை. நாம் அவசரப்பட்டால் செடிக்கு எக்களிப்பு வந்துவிடுமோ என்னவோ. ஒரு வரிசை முடிந்து திரும்பினால் எடுத்த செடியிலேயே இன்னும் நாலு மொட்டு வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்து ரேடியோ செட் பாடத் தொடங்கியது காடு வரைக்கும் கேட்டது. பிறகு பாட்டு நின்றது. யாரோ மைக்கில் பேசுகிற சத்தம் மட்டும் காற்றில் வந்து வந்து போனது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. "மதினி, ஆரம்பிச்சுட்டாக" என்றேன்.

"மிச்சத்த நான் எடுத்துக்கிறேன். எல்லாரும் கெளம்புங்க" என்று வீட்டுக்காரர் விரட்டினார். வாய்க்கால் வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். சட்டைகூடக் கழற்றவில்லை. மடி கனத்தது. பள்ளிக்கூடத்து முக்குக்கு வரும்போது ஒரு வெள்ளைக் கார் எங்களைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டைப் பார்த்துப் போனது. உள்ளே மாலையும் துண்டுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"போச்சு" என்றேன். அவர் இருக்கும்போது படிக்க வேண்டிய அறிக்கை. அவர் போய்விட்டார் என்றால் படித்து முடித்தாயிற்று என்றுதானே அர்த்தம். நடுரோட்டில் நின்று அழுதேன். மதினிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கேட்டிலேயே தலைமை ஆசிரியை நின்றார். "வாங்கம்மா, வாங்க வாங்க! இன்னும் படிக்கல."

"என்னது?"

"கடவுள் வாழ்த்து முடிஞ்சதும் கூப்பிட்டேன்மா. மேடைக்கு வந்து மைக்கைப் புடிச்சுக்கிட்டு, 'டீச்சர், அம்மாக யாருமே இன்னும் வரலையே, யாருக்குப் படிக்க?'ன்னு கேட்டுருச்சு. மைக்குலயே கேட்டுருச்சும்மா! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவரு சிரிச்சுட்டாரு. 'கரெக்ட்தானே பாப்பா, அவங்க வந்ததும் படி'ன்னு சொல்லிட்டு, ஆட்டத்தப் பாத்து, பரிசக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சாமியானாப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தோம். மடியை அவிழ்க்காமலே உட்கார்ந்தோம். எங்கள் மேல் வியர்வை நாற்றமும் மல்லிகை வாசமும் சேர்ந்து அடித்தது. முன் வரிசையில் ஒரு கிழவி மடியில் இருந்த கைக்குழந்தை எங்கள் கோலத்தைப் பார்த்து வீரிட்டது.

என் மகள் மேடைக்கு வந்தாள். இரட்டைச் சடை, தேய்த்த யூனிபார்ம். தாளைப் பிரித்தாள். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் செய்யவில்லை, தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டாள்.

ஆண்டு முழுக்க நடந்ததை எல்லாம் படித்தாள். மழையில் ஒழுகிய வகுப்புக்கு ஓடு மாற்றியது, காலை உணவில் கிச்சடி வந்தால் பிள்ளைகள் அதிகம் வருவது, காந்திகிராமத்துப் பக்கம் சுற்றுலா போன இடத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தது, முருங்கை காய்த்தது. அதை எல்லாம் டீச்சர் எழுதிக் கொடுத்தாரா இவளே சேர்த்தாளா தெரியாது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பாதியில் ரோட்டில் ஆரன் அடித்தது. பூ வண்டி. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்த வண்டி போய்விட்டால் முகூர்த்தப் பூ வாங்க நிற்கிற கூட்டம் கலைந்துவிடும், அதற்குப் பிறகு கொண்டுபோனால் வந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். மறுபடியும் ஆரன் அடித்தது. மேடையில் குரல் நின்றது. அவளும் பூக்காட்டுப் பிள்ளைதானே, அவளுக்கா தெரியாது?

"இம்புட்டுத்தான் அறிக்கை" என்றாள் மைக்கில். "மிச்சத்த வீட்டுல படிச்சுக் காட்டுறேன். வண்டி வந்துருச்சு. அம்மாகல்லாம் கெளம்புங்க."

தாளை மடிக்கப் போனாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வண்டி போனாப் போகுது தாயி! நீ முழுசாப் படி!"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். "ஆமாடி தங்கம், படி, படி" என்றாள் மதினி. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வண்டி இன்னும் ஒரு தடவை அடித்துவிட்டுக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அந்தப் பூவை மத்தியானம் டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்க் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். அன்றைக்கு ராத்திரி வயிறு எரியத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் தாளை மறுபடி பிரித்தாள். கடைசிப் பகுதி, ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுப் போகிறவர்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள். முதல் பெயரைப் படித்ததும் அந்தப் பையன் பழக்க தோஷத்தில் விருட்டென்று எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பிள்ளையும் அதையே சொன்னது, அதற்கடுத்ததும். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக அவள் தன் பெயரைப் படித்தாள். அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. அவள்தான் மைக்கின் முன்னால் நின்றாளே. தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

நான் கையைத் தூக்கினேன். "உள்ளேன் டீச்சர்" என்றேன்.