மை இல்லாத எட்டு டோக்கன்கள்

எங்கள் சேவைச் சங்கத்தில் உறுப்பினர்கள் ஐம்பத்து மூன்று பேர். மாதம் ஒரு முறை நான்கு பக்கத்தில் ஒரு செய்தி மடல் போடுகிறோம். இரண்டாம் பக்கம் உறுப்பினர் செய்திகள், மூன்றாம் பக்கம் சேவைப் பணிகள். இரண்டையும் எழுதுவது நான். முதல் பக்கம் தலைவர் படத்துக்கும் நான்காம் பக்கம் விளம்பரத்துக்கும் போய்விடும். ஆகவே படிக்கும்படி இருப்பது என்னுடைய இரண்டு பக்கம்தான் என்று வீட்டில் சொல்வதுண்டு. "ஏனுங்க, அதையும் நீங்க மட்டுந்தான் படிக்கறீங்க" என்பாள் என் மனைவி.

உறுப்பினர் செய்திக்குச் சில விதிகள் வைத்திருக்கிறேன். பிறந்த நாளுக்கு ஒரு வரி. கல்யாண நாளுக்கு ஒரு வரி. பேரனோ பேத்தியோ பிறந்தால், எடையோடு சேர்த்து ஒன்றரை வரி. ஆபரேஷன் எதுவானாலும் ஒரே வரி. இந்தக் கடைசி விதியால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமில்லை. மூட்டு மாற்றிக்கொண்ட ஓர் உறுப்பினர், இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து ஒரு வரிதானா என்று காலை ஆறு மணிக்குப் போன் செய்தார். கால் இரண்டு, ஆனால் ஆஸ்பத்திரி ஒன்று, மயக்க ஊசியும் ஒன்று, எனவே ஒரு வரி போதும் என்றேன். கூட்டத்தில் அவர் இன்றுவரை எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறார்.

எண்ணுவது எனக்கு வியாதி இல்லை, தொழில். ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். ஷிப்ட் மாறும்போது கேட்டருகே நின்று, உள்ளே போன தலை எத்தனை, வெளியே வந்த தலை எத்தனை என்று பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு தலைகள் போய்விட்டன, எண்ணுவது போகவில்லை. துடியலூரில் எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு காலடி. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஸ்வெட்டர் கொடுக்க வால்பாறை போகும்போதெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவேன். நாற்பது. பலகையில் போட்டிருப்பதும் நாற்பதுதான். இருந்தாலும் நாமும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

சங்கத்தில் சேர்ந்து இது பதினாறாவது வருடம். நூற்று எண்பத்தேழு மாதக் கூட்டங்கள் நடந்தன, ஒன்றுக்கும் நான் வராமல் இருந்ததில்லை. கண் சிகிச்சை முகாம் எங்கே நடந்தாலும் டோக்கன் மேஜை என்னுடையது. அட்டைத் துண்டில் வரிசை எண் எழுதிக் கொடுப்பேன், பெயரை நோட்டில் ஏற்றுவேன். வந்தவர் இத்தனை, ஆபரேஷனுக்குப் போகிறவர் இத்தனை என்று மாலையில் மைக்கில் அறிவிப்பேன். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. சாப்பிடப் போகும்போது துண்டைப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக என் கண் சரியில்லை. தெருவிளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தது. போன தடவை வால்பாறை ஏறியபோது வளைவுப் பலகைகளில் எண்ணே தெரியவில்லை. பனி என்று சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் வெயில் தாங்காமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். முகாமுக்கு வரும் டாக்டரம்மா கண்புரையின் அறிகுறிகளை மைக்கில் சொல்லுவார். மொத்தம் ஏழு. பத்தொன்பது முகாமில் கேட்டு எனக்கு மனப்பாடம். ஏழில் ஆறு எனக்கு இருந்தன. ஆறுதானே என்று விட்டுவிட்டேன். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் பாதி. கண் தெரியாத ஆளை டோக்கன் மேஜையில் யார் உட்கார வைப்பார்கள் என்பது மீதிப் பாதி.

சோமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபதாவது முகாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வாசல்வரை வரிசை. பெரும்பாலும் விசைத்தறிக்காரர்கள். நான் பாட்டுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டாம் டோக்கனைக் கொடுத்து நிமிரும்போது, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் திரும்பி வந்து மேஜைமேல் தன் அட்டையை வைத்தார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"ஏனுங்க, அங்க நம்பரு கேக்கறாங்க. இதுல நம்பரு இல்லீங்களே?"

"அறுபத்து நாலுங்க அம்மணி. நல்லாப் பாருங்க."

"நான் நல்லாத்தானுங்க பாக்கறேன். வலது கண்ணுதான் மங்கல். இடது கண்ணு தங்கமாட்டம் தெரியும். இதுல ஒண்ணுமே இல்லீங்க."

"எனக்கும் இல்லீங்க" என்றார் பின்னாலிருந்த ஒருவர். "அட, எனக்குந்தானுங்க" என்றார் இன்னொருவர். அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டுவரை எட்டுப் பேரும் வெறும் அட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பேனாவில் மை தீர்ந்திருக்கிறது. தீர்ந்த பேனாவால் எட்டு எண்களை நான் அழகாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் சங்கச் செயலாளர் ஓடி வந்தார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். மோட்டார் பம்ப்புக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதற்றம் வந்தால் வெளியிலும் தெலுங்கு வந்துவிடும். அன்று இரண்டு வாக்கியம் வந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அதில் எட்டுப் பேரின் பெயரும் எண்ணும் வரிசையாக இருந்தன. தன் பேனாவால் மளமளவென்று அட்டைகளில் எழுதினார். அந்த நோட்டு எதற்கு என்று எனக்கு ஓடவில்லை.

"பேனா மக்கர் பண்ணிருச்சுங்க, அவ்வளவுதானுங்க" என்றார் வரிசையைப் பார்த்து.

"பேனா மக்கர் பண்ணுச்சு, சரிங்க. எழுதுனவருக்குத் தெரியோணுமில்லீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். பிறகு கையை நீட்டினார். "இது எத்தனைங்க?"

இருபது முகாமில் நான் பார்த்த சோதனைதான். எழுத்துப் பலகை தெரியாதவர்களுக்கு விரலைக் காட்டிக் கேட்பார்கள். விரல் வெளிச்சத்தில் கலங்கலாக அசைந்தது.

"மூணுங்க."

"ரெண்டுங்க" என்றார் அவர். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மூணு மாதிரித்தானுங்க இருந்துச்சு" என்றார் செயலாளர். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு வேளையில் டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கண்ணில் டார்ச் அடித்தார். "ரெண்டு கண்ணும் முத்திப்போச்சு சார். நாலு மணி பஸ்ஸுல நீங்களும் ஏறிருங்க. நாளைக்கே வலது கண்ணைப் பண்ணிரலாம்."

"நாளைக்கு மாதக் கூட்டம் இருக்குதுங்களே. அடுத்த முகாமுக்குப் பாத்துக்கலாமுங்க" என்றேன். பொய் இல்லை. அடுத்த நாள் நூற்று எண்பத்தெட்டாவது கூட்டம்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி பஸ் வந்து நின்றது. ஆபரேஷனுக்குப் பட்டியலில் முப்பத்தேழு பேர். பஸ்ஸில் முப்பத்தாறு. அந்தத் தறிக்கார அம்மாள் மண்டபத்துப் படியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். தயங்குகிறவர்களிடம் பேசுவதும் முகாமில் என் வேலைதான். அதற்கென்று ஒரு பேச்சு வைத்திருக்கிறேன்.

"பத்து நிமிசந்தானுங்க அம்மணி. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதுங்க."

"நீங்க பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படித் தெரியுமுங்க? எறும்பு வந்து சொல்லுச்சுங்களா?"

பத்தொன்பது முகாமில் யாரும் கேட்காத கேள்வி. அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அது தாழ்ந்த குரல்.

"இழை அறுந்தாத் தெரிய மாட்டீங்குதுங்க. அறுந்தது தெரியாம ஓட்டிப்போட்டு, துணியெல்லாம் கோடு விழுந்து போகுது. தறி மொதலாளி இன்னும் ஒரு மாசம் பாக்கறேன்னுட்டாரு. பண்ணிக்கத்தானுங்க வேணும். ஆனாக் காலு எழ மாட்டீங்குது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கும் பயந்தானுங்க? நீங்க ஏறுங்க, நானும் ஏறறேன்."

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் வாட்சைப் பார்த்தேன், மணியும் தெரியவில்லை. நூற்று எண்பத்தேழு என்ற எண்ணை நான் எவ்வளவு ஆசையாக வளர்த்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த அம்மாள் படியிலேயே இருந்துவிட்டால், ஒரு மாதத்தில் அவருக்குத் தறி இல்லை. என் கூட்டத்துக்காக அவர் தறியை நிறுத்த முடியுமா? ஏறினேன். எனக்குப் பின்னால் அவரும் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

"முப்பத்தெட்டுங்க" என்று செயலாளர் எண்ணிச் சொன்னார். எண்ணிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் சட்டைப் பையில் அந்த நோட்டு துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்ன நோட்டுங்க?"

அவர் அதைப் பைக்குள் அழுத்திவிட்டுக்கொண்டார். கருமத்தம்பட்டி தாண்டியதும் சொன்னார். "நீங்க எண்ணுனதுக்குப் பின்னால நானும் ஒருக்கா எண்ணி வெச்சுக்குவேனுங்ணா. ஒண்ணரை வருசமா."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"எப்படிங்ணா சொல்றது? மனசு சங்கடப்படுவீங்கல்ல."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. கிணற்றுப் பக்கம் நடக்கிற ஆளிடம் "பாத்துப் போங்க" என்போமே தவிர, கண் தெரியவில்லையா என்று கேட்க வாய் வராது. ஐம்பத்திரண்டு பேர் ஒன்றரை வருடம் எனக்கு மரியாதை கொடுத்தார்கள். சோமனூர் அம்மாள் ஒருவர்தான் இரண்டு விரலைக் காட்டினார், அதையும் 'ங்க' போட்டுத்தான் காட்டினார்.

ஆபரேஷன் பதினோரு நிமிடம் ஆனது. பத்து என்று நான் சொல்லிவந்தது தவறு. மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும், எதிர் வார்டிலிருந்து சோமனூர் அம்மாள் வராந்தாவுக்கு வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடிக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப எத்தனைங்க?"

"நாலு."

"அஞ்சுங்க."

மறுபடி பார்த்தேன். "நாலேதானுங்க அம்மணி."

"நாலுதானுங்க. சும்மா பாத்தேன்." சிரித்தார். "எறும்பு இல்லவே இல்லீங்க."

நூற்று எண்பத்தெட்டாவது கூட்டம் நான் இல்லாமல் நடந்துவிட்டது. முகாம் பஸ்ஸில் போனதும் சங்க வேலைதான், வருகை போட்டுக்கொள்ளலாம் என்று செயலாளர் சொன்னார். டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனிடம் இதைச் சொல்லலாமா? அந்த மாத மடலில் 'வராதவர்கள்' வரிசையில் என்னை நானே எழுதிக்கொண்டேன். 'கண் ஆபரேஷன் செய்துகொண்டார்' என்று உறுப்பினர் செய்தியிலும் போட்டேன், ஒரு வரிதான். முழங்கால்காரர் போன் செய்து, "ஒரே வரிதானுங்களா?" என்றார். சந்தோஷமாக இருந்திருப்பார்.

செயலாளரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஒன்றரை வருடத்தில் என் தவறுகள் ஒன்பது. எட்டை ஒப்புக்கொண்டேன். ஒன்பதாவது மட்டும் உறுத்தியது. துடியலூர் பள்ளிக்கூட மைதானத்தில் நட்ட மரக்கன்றுகள் இருபத்தேழு என்று நான் மடலில் எழுதியிருந்தேன். 'அண்ணன் 27, சரி 26' என்று அவர் நோட்டில் இருந்தது. அந்த மாத மடலைத் தேடி எடுத்தேன். படத்தில் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. புதுக் கண்ணால் எண்ணினேன். இருபத்தேழு. மூன்று தடவை எண்ணினேன். இருபத்தேழேதான்.

ஒரு மாதம் கழித்து அதே மண்டபத்தில் மறுபரிசோதனை. டோக்கன் மேஜையில் யார் இருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் செயலாளர், இன்னொன்றில் என் துண்டுக்கு இடம். உட்காருவதற்கு முன்பே மடலை விரித்து அவர்முன் வைத்தேன்.

"எண்ணுங்க."

அவர் எண்ணினார். "இருபத்தாறுங்ணா."

"இருபத்தேழு!"

வரிசையின் முதல் ஆளாகச் சோமனூர் அம்மாள் நின்றிருந்தார். தறி அவரிடமே இருக்கிறதாம், இழை அறுந்தால் எட்டி நின்றே தெரிகிறதாம். இவரைவிட நல்ல நடுவர் யார்? மடலை அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருபத்தேழு நிக்குதுங்க" என்றார்.

நான் செயலாளரைப் பார்த்தேன்.

"ஆனா இந்தக் கடைசில இருக்கறது செடி இல்லீங்க. குடைங்க. பிடி தெரியுது பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். குடைதான். என்னுடையதேதான். இளக்கிய மண்ணில் குத்தி வைத்துவிட்டுப் படத்துக்கு நின்றிருக்கிறேன். செயலாளர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னொரு கண்ணு எப்பங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பேனாவில் மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். இருந்தது. முதல் அட்டையில் ஒன்று என்று எழுதி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது அட்டையை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, எண் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.