ஏழுக்குக் கீழே, ஏழுக்கு மேலே

தண்ணீரைச் சோதிக்கிற வேலையில் தண்ணீர் ஒருநாளும் சண்டைக்கு வராது. அதைக் கொண்டுவருகிறவர்கள்தான் வருவார்கள்.

கடலூரில் ஒரு தனியார் லேபில் 2004-ல் சேர்ந்தேன். வேதியியல் படித்தவள் என்பதால் பி.எச். மீட்டர் என் பொறுப்பு. ஏழு என்றால் நடுநிலை. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். ஒரு எண் இறங்கினாலே அமிலத்தன்மை பத்து மடங்கு. மீனோ, பயிரோ, நம் ரத்தமோ, எல்லாம் தனக்கென்று ஒரு சின்ன எல்லைக்குள்தான் உயிரோடு இருக்கும். இதை எடுத்துச் சொல்லித் திட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேட்கிறவருக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லியே பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஊறுகாய் பாட்டில்

காடாம்புலியூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பலாக் கன்றுகள் மஞ்சளடித்து நிற்கின்றன, போர் தண்ணீரில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். மீட்டர் நாலுக்குக் கீழே காட்டியது. பதறிப்போய் பாட்டிலை முகர்ந்தேன். எலுமிச்சை ஊறுகாய் வாசனை. மூடியின் உள்பக்கத்தில் மிளகாய்த்தூள்கூட ஒட்டியிருந்தது.

"ஐயா, இது ஊறுகாயோட புளிப்பு. சுத்தமான பாட்டில்ல வேற தண்ணி கொண்டாங்க" என்றேன். இரண்டு பஸ் மாறி வந்த மனுஷன். முகம் சிவந்துவிட்டது.

"தண்ணியப் பாருன்னா பாட்டிலப் பாக்குற, இதத்தான் காலேஜ்ல படிச்சியா?"

நல்ல கலர்

சுனாமிக்குப் பிறகு, கடலோரக் குப்பங்களில் கிணறு கிணறாகப் போய்ச் சோதித்தோம். எங்களுக்கு முன்னாலேயே நிவாரணத்துக்கு வந்த ஒரு குழு, வெறும் பி.எச். காகிதத்தை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கிணற்றுச் சுவரில் 'குடிக்கலாம்' என்று பெயின்டால் எழுதிவிட்டுப் போயிருந்தது. கடல் தண்ணீரின் பி.எச். எட்டையொட்டித்தான் இருக்கும். காகிதம் அழகாகப் பச்சை காட்டியிருக்கும். உப்பு எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் கிணற்றை நம்பியிருந்த செல்வி, அலையில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சின்னக் குழந்தை வாந்தி எடுக்கிறது என்று சொன்னால், அதிகாரிகள் அந்தச் சுவரைக் காட்டுகிறார்களாம். நான் உப்பை அளந்து, குடிக்கவே கூடாது என்றேன். கூட வந்த அதிகாரி, "இப்பத்தான் லாரித் தண்ணிய நிறுத்தினோம், மறுபடியும் ஆரம்பிக்கணுமா?" என்று சலித்துக்கொண்டார். செல்வி அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பி.எச். காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒங்க பேப்பருக்குத் தாகம் எடுக்காதுல்லக்கா, அது நல்லாருக்குன்னுதான் சொல்லும்."

சுண்ணாம்பு

கிள்ளைப் பக்கம் இறால் குட்டை போட்டிருந்த ஞானப்பிரகாசம், மனைவியின் நகையை விற்று அதில் இறங்கியவர். இறால் மேலே மேலே வந்து தவிக்கிறது என்று போன் செய்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கரும்பச்சை. வெயில் நேரத்தில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொண்டதால் பி.எச். ஒன்பதைத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் அடிக்கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாகிவிடும்.

"தண்ணிய மாத்துங்க, தீவனத்தக் கொறைங்க. சுண்ணாம்பு மட்டும் போடாதீங்க, பி.எச். இன்னும் ஏறும்" என்றேன். தலையாட்டினார். பக்கத்துக் குட்டைக்காரரான அவர் மச்சான் சிரித்தார். "நாங்க எந்த நோய்க்கும் சுண்ணாம்புதான் அடிப்போம் மேடம்."

அடித்துவிட்டார்கள். நான் மறுபடி போனபோது கரையெல்லாம் வெள்ளையாகச் செத்த இறால். மச்சானைக் காணோம். ஞானப்பிரகாசம் கரையில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை, அழவுமில்லை.

"நீ இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லிருக்கலாம்மா."

யார் கேட்டது?

ஆற்றோரக் குப்பத்திலிருந்து கலியமூர்த்தி என்ற மீனவர், செத்த மீன்களோடு ஒரு கேன் தண்ணீரும் கொண்டுவந்தார். பி.எச். ஐந்துக்குக் கீழே. மீன்களின் செவுள் முழுக்கக் கொழகொழவென்று படலம். அமிலத் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. ரிப்போர்ட்டை லேப் முதலாளியிடம் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. ஆற்றின் மேல்பக்கம் இருந்த ஒரு கம்பெனி எங்களுடைய பெரிய வாடிக்கை. அவர்கள் சோதிக்க அனுப்பும் கழிவுநீர் மாதா மாதம் தவறாமல் ஏழு காட்டும். எந்தக் குழாயில் பிடித்தார்களோ!

மாடிப்படியில் காத்திருந்த கலியமூர்த்தியிடம் பி.எச். எண்ணை வாயால் சொல்லிவிட்டேன். அவர் ஆட்களோடு கம்பெனி வாசலுக்குப் போய்ச் சொன்னார். பேப்பர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண்ணைச் சொன்னது யார் என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "நான் சொன்னது தப்பா சார்?" என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"தப்புன்னு நான் சொல்லலியேம்மா, ஒன்ன யாரு கேட்டா?"

பிறகு சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்து, பி.எச். எவ்வளவு என்று சரியாகச் சொன்னால் மார்க் போடுகிற ஒரே இடம் அதுதான்.