பாலம் வரைக்கும் ஊர்வலம்

குடவாசலிலிருந்தே செம்மொழியை ஜீப்பில் நிற்க வைத்துவிட்டார்கள். அவளுக்கு உட்காரத்தான் ஆசை. காட்மாண்டுவில் தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் முழுக்க ஓடிய கால், இன்னும் வீங்கியிருந்தது.

"நில்லும்மா, நின்னாத்தான் மெடல் தெரியும்" என்றான் மைக்கைப் பிடித்திருந்த ராஜராஜன். ஊர்ப் பெரியவர் துரைராசுவின் மகன்.

போன அறுப்பு வரைக்கும் இவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அறுத்த வயலில் தாள் பாதத்தைக் குத்தக் குத்த அவள் பந்து உருட்டிய காலத்தில், 'தெற்குத் தெருவுல டவுசர் போட்டுட்டு ஆடுதே ஒண்ணு' என்பதுதான் அவள் பெயர். அப்பா தங்கையன் செத்தபின் அம்மா அம்சவல்லி துரைராசுவின் வயலில் நடவு நட்டு பூட்ஸ் வாங்கித் தந்தாள். பிறகு மயிலாடுதுறையில் விடுதி, மாநில அணி, இந்திய அணியின் நீலச் சட்டை. கோலுக்கு முன்னால் மறித்து நிற்கும் தடுப்பாட்டக்காரி. பேப்பரில் கோல் போடுகிறவர்கள் பெயர்தான் வரும்.

கடைத்தெரு ஃபிளெக்ஸில் துரைராசுவின் தலை பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. ஓரத்தில் எலுமிச்சம்பழமாக இவள். மேடையில் அவர் சால்வை போட்டார். போட்டார் என்பதைவிட வீசினார். அவள் தோளில் பட்டுவிடக் கூடாதென்ற பயம் அந்த விரல்களில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எதிரிய மண்ணைக் கவ்வ வச்சிட்டு வந்திருக்கு நம்ம ஊரு சிங்கக்குட்டி!" என்று மைக்கில் கத்தினார்.

யார் எதிரி? ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் செம்மொழிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சேறு அப்பிய பூட்ஸோடு அந்தக் காலைத் தூக்கித் தன் வயிற்றில் அண்டக்கொடுத்து நீவிவிட்டவள் நேபாள அணிக்காரி. தோற்றுக்கொண்டிருந்தவள். காட்மாண்டு விடுதியில் வங்கதேசப் பெண்கள் இவள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றார்கள்.

பட்டாசுப் புகையும் துரைராசுவின் ஜவ்வாது வாசனையும் சேர்ந்து அவள் நாக்கில் கசந்தது.

காலையில் அம்மா போனில் கேட்டிருந்தாள். "ஜீப்பு நம்ம தெருவுக்குள்ள வரும்லடி? தெரு பூரா கோலம் போட்டுக் கெடக்கு."

செம்மொழிக்கு வேண்டியது அது ஒன்றுதான். தெற்குத் தெரு வாய்க்காலுக்கு அக்கரை. சாமி தேர்கூடப் பாலத்தோடு திரும்பிவிடும் ஊர் இது. ஓட்டுக் கேட்டு வருகிற வண்டியைத் தவிர எந்த ஊர்வலமும் அதைத் தாண்டியதில்லை.

மேடை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு, செண்டை மேளம் முன்னால் போக, ஜீப் மேலத்தெருவைச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. பாலத்தை நெருங்கியதும் டிரைவர் நல்லக்கண்ணு வண்டியை ஒடித்தார்.

"அண்ணே, நேரா போங்க."

அவர் ராஜராஜனைப் பார்த்தார்.

"பாலம் பழசும்மா, வண்டி கனம் தாங்காது" என்றான் அவன். "ஒங்க அம்மாவ மேடைக்கு வரச் சொல்லேன், இங்கயே ஆரத்தி எடுக்கட்டும். நாங்கள்லாம் வித்தியாசம் பாக்குற ஆளா?"

பாலத்தின் மேல் கதிர் அறுக்கிற மிஷினின் தடம் ஈரம் காயாமல் கிடந்தது. காலையில்தான் துரைராசு வயலுக்குப் போயிருக்கிறது.

"மிஷின் மட்டும் போயிருக்கு?"

"அது வேறம்மா."

அவள் குதித்து இறங்கினாள். வலி இடுப்பு வரை தெறித்தது. வாயில் ஊறிய கசப்பை வாய்க்காலில் துப்பப் போனாள். அந்தத் தண்ணீர்தான் தெற்குத் தெரு வயல்களுக்கும் பாய்கிறது. விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

அக்கரையில் தெருவே திரண்டு நின்றது. அம்சவல்லியின் தட்டில் கற்பூரம் காற்றில் அணைந்திருந்தது.

"ஜீப்பு எங்கடி?"

"பாலம் தாங்காதாம்."

அம்மா மகள் தோளிலிருந்த சால்வையை உருவிப் பாலத்துக் கட்டைச்சுவரில் போட்டாள். பிறகுதான் கற்பூரத்தைக் கொளுத்தி ஆரத்தி சுற்றினாள்.

செம்மொழியின் போன் அடித்தது. ராஜராஜன். அம்சவல்லி வாங்கிக் காதில் வைத்தாள்.

"டிவிக்காரங்க வந்துட்டாங்க, புள்ளைய அனுப்புங்க. எங்க மானம் போவுது!"

"அவ வரமாட்டா தம்பி. அவங்கள இங்க அனுப்புங்க. நடந்து வந்தா பாலம் தாங்கும்."

சொல்லிவிட்டுப் போனை மகளிடம் நீட்டினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ஜீப்புக்கு முன்னால் செண்டை மேளம் அடித்துக்கொண்டேயிருந்தது.