சொண்டு மூடாத நாரை

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் குளக்கட்டுக்குப் போனேன். காற்று வாங்க அல்ல... உளவு பார்க்க!

என் கணவர் புளியங்குளத்துக்குப் பக்கத்தில் நீர்ப்பாசன ஓவசியர். வீட்டில் பேச்சே வராது. ‘சோறு’, ‘தேத்தண்ணி’ — அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்கு மாற்றலாகி வந்த தவமணி ரீச்சரிடம் ஒரு பைனாக்குலரும் பறவைப் புத்தகமும் இருந்தன. அன்று தொடக்கம் மனிதர் மாறிவிட்டார். பின்னேரமானால் இரண்டு பேரும் குளக்கட்டில்தான். பெயர் தெரியாத நாரை ஒன்றைப் பற்றி அப்படியொரு கதை... சிரிப்பு வேறு.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு காகத்தைப் பற்றியாவது பேசியிருப்பாரா?

என்னைக் கண்டதும் இவருக்கு முகம் சுருங்கியது.

“நீர் ஏன் வந்தனீர்? உமக்கு இது விளங்காது.”

ரீச்சர்தான் பைனாக்குலரை நீட்டினாள். “பாருங்கோ அக்கா. அந்தா, கறுத்த செட்டையோட நிக்குது. சொண்டு மூடுதில்லை. பாவம், எங்கயோ அடிபட்டிருக்கு.”

“ஓம், ஓம். அடிதான்” என்றார் இவர். ரீச்சர் சொன்னால் உடனே ஓம்!

பார்த்தேன். கரையோரத் தண்ணீரில் கால் பாதி மூழ்க நின்றது. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த சிறகு. சொண்டின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி, அதனூடே வெளிச்சம். தலையைத் தாழ்த்திச் சேற்றைத் துழாவி ஒரு நத்தையைப் பிடித்தது. சொண்டு நுனியை ஓட்டுக்குள் விட்டு என்னவோ செய்தது... சதை மட்டும் வெளியே வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த நத்தையைத் தேடிப் போனது.

அடிபட்ட பறவையா இப்படிச் சாப்பிடும்?

பக்கத்தில் நின்ற மற்ற நாரைகளையும் பார்த்தேன். “ஒண்டுக்கு அடிபட்டதெண்டால் சரி. அங்கால நிக்கிற எல்லாத்துக்கும் ஒரே இடத்திலயோ அடிபட்டது?”

ரீச்சர் பைனாக்குலரைப் பறித்துப் பார்த்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “அக்கா! வளர்ந்த பறவைக்குச் சொண்டே இப்பிடித்தானாம். நத்தைதான் சாப்பாடாம். நத்தைகுத்தி நாரை!”

இவர் நாரையைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பின்னேரமானால் ரீச்சர் எங்கள் படலையில் நின்று, “அக்கா, வாறீங்களோ?” என்கிறாள். இவர் வருவதில்லை. எனக்கும் அவளைப் பிடித்துவிட்டது — அதுதான் வேடிக்கை. நேற்றுத் திரும்பி வரச் சுணங்கி, இருட்டிவிட்டது. இவர் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பிடி என்ன கதை உங்கள் ரெண்டு பேருக்கும்?”

பொறாமை எங்கேயும் போய்விடுவதில்லை. ஆளைத்தான் மாற்றிக்கொள்கிறது. இவருடைய அந்த முகம் எனக்கு நன்றாகவே தெரியும் — போன மாதம் முழுக்க நான் கண்ணாடியில் பார்த்த முகம்!