கத்தலோனியாக் கோழிகளுக்குக் கிடைத்த அனுமதி

1988 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு டேனிஷ் நகரமான ஒடென்சேயில் ரயில் ஏறினேன். ஓர்ஹூஸில் வண்டி மாறி, மதியத்துக்குச் சற்று முன் ஸ்கீவ போய் இறங்கினேன். யோகராசா அண்ணை ஸ்டேஷனில் நின்றார். கொழும்பில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவருடைய மனைவி இங்கே வந்து இரண்டு வருடம். என் மனைவி தவமலர் இன்னும் யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருடமாகப் பதில் இல்லை.

"அக்கா சோறு கட்டித் தந்தவ. பண்ணையிலை சாப்பிடுவம்," என்றார் அண்ணை, தன் மனைவியைச் சொல்லி. மனைவி கட்டித் தந்த சோறு என்றதும் எனக்குப் பசி போய்விட்டது.

அவர் வேலை செய்யும் பண்ணை நகரிலிருந்து ஏழு கிலோமீற்றர். அதன் சொந்தக்காரர் ஜோர்டி கத்தலோனியர். டேனிஷ் பெண்ணைக் கட்டியவர். தன் ஊரில் அருகிப்போன பெனெடெஸ் கோழிகளை இங்கே வளர்க்கிறார். கறுப்புக் கோழிகள். கொண்டையின் பின்பக்கம் பூ விரிந்ததுபோல் கிளைத்திருக்கும். முட்டையோ கடும் மண்ணிறம்.

"எங்கள் ஆட்கள் வீடு வீடாகத் தேடித்தான் மிச்சம் இருந்ததைச் சேர்த்தார்கள்," என்றார் ஜோர்டி. அவருடைய டேனிஷும் என்னுடையதைப் போலவே தடுமாறியது. "முதலில் சேவல் வந்தது. பிறகு பேடுகளை எடுப்பித்தேன்."

"பேடுகள் வர எவ்வளவு காலம் எடுத்தது?"

"நோயில்லை என்று மிருக வைத்தியர் எழுதித் தந்தார். இங்கே மூன்று கிழமை புறம்பாக வைத்திருந்தோம். அவ்வளவுதான்."

சேவல் பேடுகளுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிற்பகல் இரண்டு மணியளவில் அடைகாக்கும் பெட்டியில் ஒரு முட்டை வெடித்தது. இந்த வருடத்தின் முதல் குஞ்சு. ஜோர்டி அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, சுடச்சுட நடுங்கியது. இதற்குள் அண்ணை என் கதையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"உங்கள் மனைவியின் பெயரை இதற்கு வைக்கட்டுமா?" என்று ஜோர்டி கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் தமிழில் அண்ணையிடம் சொன்னேன்: "வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை. அவள் இங்கை வரேக்கை அந்தப் பேர் அவளுக்கு வேணும்."

அண்ணை மொழிபெயர்த்தார். ஜோர்டி தலையசைத்து, குஞ்சை வாங்கிக்கொண்டார்.

ஐந்து மணி ரயிலில் திரும்பினேன். நல்ல மனிதர்கள்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒடென்சே வரும்வரை அந்தக் குஞ்சின் மேல் எனக்கிருந்த பொறாமை ஆறவேயில்லை. இந்த நாட்டில் இருப்பதற்கு அது யாரையும் கேட்கத் தேவையில்லை.