தக்காளிக்கு அடியில் முட்டி

என் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த சிறிய அச்சகத்தில்தான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும்போது சில சொற்கள் கையை விட்டுப் போனாலும் மனதை விட்டுப் போவதில்லை.

சண்டைக் காலத்தில் ஒருமுறை விவசாயக் கைநூல் ஒன்று அச்சுக்கு வந்தது. அதில் ஒரு தலைப்பு, ‘தரைக்கீழ் நீர்ப்பாசனம்’. தலைப்பை அடுக்கி முடித்த பிறகும் எனக்கு அது விளங்கவில்லை. கிணற்று நீரைப் பற்றியது என்றுதான் நினைத்தேன். அடுத்த பக்கத்தை அடுக்கியபோது தெளிந்தது. தரைக்கீழ் நீர் என்றால் மண்ணுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர். தரைக்கீழ் நீர்ப்பாசனம் என்றால் பயிருக்குத் தண்ணீரை மண்ணுக்குள்ளேயே, வேர் இருக்கும் ஆழத்தில் கொடுப்பது. துளை போட்ட குழாயைப் புதைத்தும் கொடுக்கலாம். சுட்ட மண் முட்டியை, அதாவது சிறு பானையை, கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி வைத்தும் கொடுக்கலாம். முட்டியின் சுவர் வழியாக நீர் மெல்லக் கசியும். மண் காய்ந்திருந்தால் கூடுதலாகவும் ஈரமாக இருந்தால் குறைவாகவும் கசியும். வெயில் குடிக்க எதுவும் மேலே நிற்காது.

எங்கள் வாடகை வீட்டின் பின்னால் பாய் அகலத்தில் ஒரு துண்டு மண் இருந்தது. மனைவி அதில் தக்காளியும் மிளகாயும் வைத்திருந்தாள். குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். ஆகவே நான் முட்டிகள் வாங்கி வந்தேன். அந்த நாட்களில் மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்குப் போகும் அலுவலாக எங்களோடு தங்கியிருந்தான். தோட்டத்தில் வளர்ந்தவன். அவன் எங்களோடு தங்குவதைப் பொலிசில் பதிந்திருந்தோம். ஆனாலும் வாலிபப் பெடியன், புலி என்று சந்தேகிக்க அதுவே போதும். தெருவில் ஆமி ஜீப் நின்றாலே மனைவியின் முகம் வெளுத்துவிடும்.

குழி தோண்டியது அவன்தான்.

“அத்தான், இதுக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?”

“தரைக்கீழ் நீர்ப்பாசனம்.”

“அம்மாடி! எங்கட பக்கம் இறைக்கிறதெண்டு ஒரு சொல்லோட அலுவல் முடிஞ்சிடும். உங்கட பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தக்காளிக் கண்டு வாடிப்போகும்.”

மனைவி சிரித்தாள். தேங்கிய நீரில் நுளம்பு முட்டையிடாதிருக்க ஒவ்வொரு முட்டியின் வாயையும் தேங்காய்ச் சிரட்டையால் மூடி, மேலே மெல்லிதாக மண் தூவி வைத்தோம். அது எப்படிப்பட்ட காரியம் என்று மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொழும்பில், தமிழர் வீட்டின் பின்னால், யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் வந்து தங்கிய பிறகு, மூடி போட்ட முட்டிகளைக் கண்ணிவெடி போல மண்ணில் புதைத்திருந்தோம்.

செடிகள் நன்றாக வந்தன. பூவும் பிடித்தது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது, இராணுவத்தினர் தெருவைச் சுற்றி வளைத்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரியும் மூன்று சிப்பாய்களும் வந்தார்கள். மைத்துனனின் அடையாள அட்டையை வாங்கி அதிகாரி தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பைக்குள் அட்டை போனால் ஆளும் பின்னால் போவது அப்போது வழக்கம். பின்பக்கம் போன சிப்பாய் ஒருவன் சத்தம் போட்டான். அவன் சப்பாத்துக் காலின் கீழே சிரட்டை நொறுங்கியிருந்தது. மற்றவற்றையும் கண்டுவிட்டார்கள்.

“மே மொகத?” இது என்ன என்று அதிகாரி என்னைத்தான் கேட்டார்.

ஆட்களுக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நா எழாது. சிங்களமும் கடையில் பாண் வாங்கவும் பஸ் ஏறவும் போதுமான அளவுதான். வாயைத் திறந்தேன். வந்தது ‘தரைக்கீழ் நீர்ப்பாசனம்’. அவருக்கு அது விளங்கவில்லை. “வத்துர, சேர்,” என்றேன். தண்ணீர் என்று சொல்லிவிட்டேன், அடுத்த சொல் கிடைக்கவில்லை. செடியைக் காட்டி “தக்காளி” என்றேன். நல்லகாலம், தக்காளி இரண்டு பாஷையிலும் தக்காளிதான். “வத்துர. தக்காளி. வத்துர.”

அவர் நம்பவில்லை. மைத்துனனை அழைத்து, ஒரு முட்டியைக் கையாலேயே வெளியே எடுக்கச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரும் மதில் வரை பின்னால் போனார்கள். எங்களையும் தள்ளினார்கள். அவன் மட்டும் குந்தியிருந்து மண்ணைக் கிளறினான். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். தண்ணீர் முட்டிதான் என்று தெரிந்திருந்தும் நானும் மதிலோடு ஒட்டிக்கொண்டேன்.

முட்டி இலேசில் வரவில்லை. செடியின் வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருந்தன. அவன் இழுத்தெடுத்தபோது, நீண்ட நாள் சீவாத தலைமுடி போல வெள்ளை வேர்கள் முட்டி முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தன. உள்ளே தண்ணீர் தளும்பியது.

அதிகாரி கிட்ட வந்தார். முட்டியின் ஈர வயிற்றைத் தடவினார். விரலால் வேரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே கையை விட்டுத் துழாவி, நனைந்த கையை உதறினார். சிப்பாய்களில் ஒருவன் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள். செடியைக் காட்டி, காய் பிடிக்கிறதா என்று அதிகாரி கேட்டார். நான் தலையாட்டினேன்.

சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மைத்துனனிடம் நீட்டினார். அவனுடைய கை முழுக்கச் சேறு. இடுப்பிலிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான். செடி சாகும் முன் முட்டியைத் திரும்ப வைக்கும்படி கையால் காட்டிவிட்டு அவர் வெளியே போனார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

மனைவி என் சட்டையை விட்டாள். பின்பக்கம் கசங்கிப் போயிருந்தது.

“இஞ்சருங்கோ, உந்தக் கோதாரி முட்டியளை எல்லாம் எடுத்து எறியுங்கோ!”

“ஏனக்கா?” என்றான் அவள் தம்பி, இன்னும் குந்தியபடியே. “ஆமிக்காரரே பாத்து முடிச்சிட்டினம். இந்த ரோட்டில இனி இதைவிடப் பயமில்லாத முட்டி கிடையாது.”

அவள் அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள். பிறகு அதே கையால் தலையைத் தடவினாள். அவன் முட்டியைக் குழிக்குள் இறக்க, நான் மண்ணைத் தள்ளினேன்.

பூசை தவறிப்போயிற்று. மனைவி சீனி கூடுதலாகப் போட்டுத் தேநீர் தந்தாள். குடித்து முடித்ததும் மைத்துனன் வெறும் சீமெந்துத் தரையில் அப்படியே படுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். பட்டப்பகலில் அவன் விட்ட குறட்டை சந்து வரை கேட்டிருக்கும். அவனை எழுப்பிவிடக் கூடாதென்று நாங்கள் இருவரும் மத்தியானம் வரை காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தோம்.