மச்சானின் குடும்பச் சந்தா

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் ஆட்கள் யாராவது தவறினால் முதல் அழைப்பு ஐயருக்குப் போகும், அடுத்தது எனக்கு. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டு என்போமே, அதைத் தட்டச்சுச் செய்து அடுக்கிக் கொடுப்பது நான். எவரிடமும் படித்ததில்லை, கைபட்டுக் கைபட்டு வந்த வேலை.

பழைய கணினி கண்ணை மூடியதும் புதியதொன்று வாங்கினேன். முன்பு காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒரு குறுந்தட்டில் இருந்தது. புதிய கணினியில் தட்டைப் போட வாயே இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், "இலவசமா நல்லது ஒண்டு இருக்கு அப்பா, இறக்கித் தாறன்" என்றாள். இலவசமென்றால் எனக்குச் சந்தேகம். மனைவியின் தம்பி, பீலெஃபெல்டில் இருக்கும் மச்சானுக்கோ சிரிப்பு.

"என்ன அத்தான், ஊர் பேர் தெரியாததுகளைப் போட்டுக்கொண்டு? உங்கட பழைய மென்பொருளுக்கே நான் மாதாமாதம் காசு கட்டுறன், குடும்பத் திட்டம். உங்களையும் சேர்த்துவிடுறன். நாங்கள் என்ன பிறத்தியாரே?"

இலவசத்தை நம்பாத நான் மச்சானின் இலவசத்தில் ஏறி உட்கார்ந்தேன். சந்தா வாடகை வீடு மாதிரி. அதிலும் வாடகை கட்டுகிறவர் மச்சானென்றால், அவர் சிரிக்கும்போதெல்லாம் நாமும் சிரிக்க வேண்டும். விதிமுறைகளில் அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு அவருடைய மகளின் சாமத்தியச் சடங்கு, பெரியபிள்ளையான விழா, வந்தது. பிள்ளை குதிரை வண்டியில் வந்து இறங்கியது. மேடைப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வரவில்லை, பசி வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த வாரம் எங்கள் கட்டடத்து மேல்மாடி அக்காவின் இறந்துபோன கணவருடைய கல்வெட்டு என் கையில் இருந்தது. மறுநாள் அச்சகத்துக்குப் போக வேண்டும். அக்கா அழைத்தார்.

"தம்பி, கடைசிப் பேத்தியின்ர பேர் விடுபட்டுப் போச்சு. மற்றதுகள் எல்லாம் ஜெர்மனில ஓப்பா எண்டுதான் கூப்பிட்டதுகள். அது ஒண்டுதான் தமிழில அப்பப்பா எண்டு கூப்பிட்டது. போட்டுவிடுங்கோ."

கணினியில் கல்வெட்டுக் கோப்பைத் திறந்தேன். படிக்க விட்டது, திருத்த விடவில்லை. குடும்பத் திட்டத்திலிருந்து நான் நீக்கப்பட்டிருந்தேன்.

மனைவி தம்பிக்கு அழைத்தாள். "படத்துக்கு நிக்காத ஆக்கள் குடும்பத்தில மட்டும் என்னெண்டு நிக்கிறது?" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒருக்கா மன்னிப்புக் கேளுங்கோவன்," என்றாள் என்னிடம்.

"பசிச்சதுக்கோ?"

மகள் முன்பு சொன்ன அந்த இலவசத்தை இறக்கினாள். கோப்பு திறந்தது, அதிலிருந்தவர்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். இறந்தவரின் படம் நன்றி நவிலல் பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. தேவாரத்தின் கடைசி வரியும் மதியபோசன அழைப்பும் ஒட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. இருவருமாக ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்து அதனதன் இடத்தில் விட்டோம். பேத்தியின் பெயரைப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பினோம்.

முப்பத்தோராம் நாளன்று மச்சானும் மண்டபத்துக்கு வந்தார். செத்த வீட்டுக் காரியத்துக்குக் கோபம் பார்ப்பதில்லை. அதுவும் வடை பாயசம் இருக்கிற நாளில். அக்கா பேரப்பிள்ளைகளின் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பெயரில் விரலை வைத்தபடி, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

மச்சானும் ஒன்றை வாங்கிப் புரட்டினார். "வடிவாய் வந்திருக்கு அத்தான். நீங்களே காசு கட்டினியளோ? காசு கட்டின சாமான் எண்டால் தனிதான்."

"இது இலவசத்தில செய்தது, மச்சான்."

அவர் புத்தகத்தை மூடி, பின்னட்டையில் விலை தேடுகிறவர்போலத் திருப்பிப் பார்த்தார்.